குமரி மாவட்ட மாணவர்களுக்கான உயர்கல்வி: பிளஸ் டூ முடித்தவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிளஸ் டூ முடிவு வந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது மதிப்பெண்ணைத்தான். ஆனால் மாநில எல்லையை ஒட்டி, அரசு உதவி பெறும் பள்ளிகளும் கல்லூரிகளும் நிறைந்து கிடக்கும் கன்னியாகுமரி மாவட்டத்தில், மாணவர் எந்த வகைப் பள்ளியில் படித்தார், எந்த மாநிலத்தில் தேர்வு எழுதினார், சேரப்போகும் இடம் அரசு உதவி பெறுவதா சுயநிதியா என்ற மூன்றும் மதிப்பெண்ணுக்கு இணையாகவே முடிவைத் தீர்மானிக்கின்றன. கீழே உள்ள விடைகள் அந்த மூன்றையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கட்டணமும் கடைசித் தேதியும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் தகவல் கையேட்டையும் படித்துக்கொள்ள வேண்டும்.

மாவட்டத்தை விட்டு வெளியே போகாமல் என்னென்ன படிக்கலாம்?

கலை, அறிவியல், வணிகவியல் பட்டப்படிப்புகளுக்கு வெளியே போக வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. 1893-இல் கல்லூரியாக உயர்ந்த நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, 1952-இல் தொடங்கிய தெ.தி. இந்துக் கல்லூரி, பெண்களுக்கான ஹோலி கிராஸ் கல்லூரி, மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி, குழித்துறை ஸ்ரீதேவி குமரி மகளிர் கல்லூரி, மார்த்தாண்டம் நேசமணி நினைவுக் கிறிஸ்தவக் கல்லூரி, அகஸ்தீஸ்வரம் விவேகானந்தா கல்லூரி, ஆரல்வாய்மொழி அறிஞர் அண்ணா கல்லூரி என்று நான்கு திசையிலும் பழைய கல்லூரிகள் இருக்கின்றன. இவை 1990-இல் திருநெல்வேலியில் நிறுவப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை.

நாகர்கோவில் கோணத்தில் அரசு கலை அறிவியல் கல்லூரி, அரசு பாலிடெக்னிக், அரசு ஐ.டி.ஐ., அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி ஆகிய நான்கும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும், கோட்டாறில் தமிழ்நாட்டின் ஒரே அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியும் உள்ளன.

சட்டம், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம் ஆகியவற்றுக்கு அரசுக் கல்லூரி வேண்டுமென்றால் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டத்தான் வேண்டும். திருநெல்வேலியில் அரசு சட்டக் கல்லூரியும், அதை அடுத்த ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும், கிள்ளிகுளத்தில் வேளாண்மைக் கல்லூரியும், தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரியும் இருக்கின்றன.

ஒரே கல்லூரியில், ஒரே பாடத்துக்கு, ஒருவருக்குக் குறைந்த கட்டணமும் இன்னொருவருக்குப் பல மடங்கு கட்டணமும் வாங்குகிறார்களே, ஏன்?

மேலே சொன்ன பழைய கல்லூரிகளில் பெரும்பாலானவை அரசு உதவி பெறுபவை. அதாவது, குறிப்பிட்ட பாடப்பிரிவுகளின் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது. அந்தப் பிரிவுகளில் சேரும் மாணவர் செலுத்துவது மிகச் சிறிய தொகையே. பின்னாளில் இதே கல்லூரிகள், அரசின் நிதி இல்லாமல், மாணவர் கட்டணத்தைக் கொண்டே நடத்தும் சுயநிதிப் பிரிவுகளைத் தொடங்கின. கணினி அறிவியல், வணிகவியலின் கூடுதல் பிரிவு, ஆங்கில இலக்கியத்தின் இரண்டாம் பிரிவு போன்றவை பெரும்பாலும் இந்த வகையில் அடங்கும். பட்டம் ஒன்றுதான், பல்கலைக்கழகத் தேர்வும் ஒன்றுதான், சான்றிதழிலும் வேறுபாடு இருக்காது. கட்டணம் மட்டுமே வேறு.

ஆகவே விண்ணப்பத்தை நிரப்பும்போதே, விரும்பும் பாடம் அந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் உள்ளது என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு பிரிவிலும் இருந்தால் இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். உதவி பெறும் பிரிவின் தரவரிசைப் பட்டியல் வெளிவருவதற்கு முன்பே, 'இப்போதே கட்டினால் சுயநிதிப் பிரிவில் இடம் உறுதி' என்று அவசரப்படுத்துகிறவர்களும் உண்டு. பட்டியல் வரும்வரை காத்திருப்பதே சரி என்பது என் கருத்து; கணிதம், இயற்பியல், தமிழ், வரலாறு போன்ற பிரிவுகளில் உதவி பெறும் இடங்கள் கடைசிவரை நிரம்பாமல் கிடப்பதும் உண்டு.

உதவி பெறும் கல்லூரிகளுக்கு ஒவ்வொன்றிலும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அரசு கலைக் கல்லூரிகளுக்கு மட்டுமே மாநிலம் முழுமைக்கும் பொதுவான இணையதள விண்ணப்பம் உள்ளது. கோணம் கல்லூரிக்கும் அதன் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். ஒரே விண்ணப்பம் எல்லாக் கல்லூரிக்கும் போய்விடும் என்று நம்பி, உதவி பெறும் கல்லூரியின் கடைசித் தேதியைத் தவறவிடுகிற வீடுகள் பல.

மகள் ஆறாம் வகுப்பிலிருந்து மிஷன் பள்ளியில் படித்தாள், கட்டணம் எதுவும் வாங்கவில்லை. 7.5 சதவீத ஒதுக்கீடு அவளுக்கு உண்டா?

இல்லை. இந்த மாவட்டத்தில் மிகுதியான ஏமாற்றத்தைத் தருகிற விடை இதுதான். தென்னிந்தியத் திருச்சபை, கத்தோலிக்க மறைமாவட்டங்கள், பிற அறக்கட்டளைகள் ஆகியவை நடத்தும் உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியருக்குச் சம்பளம் அரசிடமிருந்து வந்தாலும், பாடநூலும் மிதிவண்டியும் அரசு தந்தாலும், சட்டத்தின் கண்ணில் அவை அரசுப் பள்ளிகள் அல்ல. 2020-இல் மருத்துவப் படிப்புகளுக்கும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய தொழிற்படிப்புகளுக்கும் கொண்டுவரப்பட்ட இந்த உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டுமே உரியது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புவரை படித்துவிட்டு, அதன்பின் அரசுப் பள்ளிக்கு வந்தவர்கள் இதற்கு விதிவிலக்கு.

அந்த உரிமை உள்ளவர்களுக்குக் கிடைப்பது இடம் மட்டுமன்று. கலந்தாய்வு வழியாக இந்த ஒதுக்கீட்டில் சேரும் மாணவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அதனால், பிள்ளை இப்போது ஐந்தாம் வகுப்பில் இருக்கிற பெற்றோர் பள்ளியை மாற்றுவதற்கு முன் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது; பிளஸ் ஒன்னில் அரசுப் பள்ளிக்கு மாற்றுவதால் இந்த உரிமை வந்துவிடாது.

அப்படியானால் உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு எந்த உதவியும் இல்லையா?

உண்டு. அரசுப் பள்ளி மாணவிகளுக்காக 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்த மாணவிகளுக்கும் பின்னர் விரிவாக்கப்பட்டது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட்டில் தொடங்கியபோதே உதவி பெறும் பள்ளித் தமிழ்வழி மாணவர்களையும் சேர்த்துக்கொண்டது. இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்படுகிறது. பட்டப்படிப்புக்கு மட்டுமல்லாமல் பட்டயப்படிப்புக்கும் ஐ.டி.ஐ. பயிற்சிக்கும் இது பொருந்தும். வேறு கல்வி உதவித்தொகை பெறுகிறவர்களும் இதைப் பெறலாம். தமிழ்வழி என்பதற்கான சான்றைப் பள்ளியை விட்டு வரும்போதே கேட்டு வாங்கிக்கொண்டால் பிறகு அலையத் தேவையில்லை.

பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு உண்டா? கட் ஆஃப் எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. கணித மதிப்பெண் 100-க்கு அப்படியே எடுத்துக்கொள்ளப்படும். இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்குக் குறைக்கப்படும். ஆக மொத்தம் 200. கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 எடுத்தவருக்கு 92, 42, 44 என்று சேர்த்து 178 வரும். இருவர் சமமாக வந்தால் கணித மதிப்பெண்ணும், அடுத்து இயற்பியல் மதிப்பெண்ணும் பார்க்கப்படும்.

விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம் என்பதால், சேர மனமில்லாத கல்லூரியையும் எண்ணிக்கைக்காக நிரப்பிவிடுகிறார்கள். பட்டியலில் மேலே உள்ளது கிடைக்காவிட்டால் அடுத்தது என்ற வரிசையிலேயே இடம் ஒதுக்கப்படும் என்பதால், உண்மையில் விரும்பும் வரிசையில் எழுத வேண்டும். கோணம் உறுப்புக் கல்லூரியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சுயநிதிக் கல்லூரியின் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அங்கே கட்டணம் மிகக் குறைவு. வீட்டிலிருந்தே போய்வரவும் முடியும். கல்லூரியின் பெயரும் அதன் நான்கிலக்க எண்ணும் பொருந்துகின்றனவா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்க்கவும். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் இந்த மாவட்டத்தில் குறைவில்லை.

'கலந்தாய்வுக்குப் போக வேண்டாம், நேரடியாகச் சேர்ந்தால் கட்டணத்தில் சலுகை தருகிறோம்' என்று ஒரு கல்லூரியிலிருந்து வீட்டுக்கே வந்து சொல்கிறார்கள். சேரலாமா?

சேருவதற்கு முன் எதையெல்லாம் இழக்கிறோம் என்று எழுதிப் பார்க்க வேண்டும். குடும்பத்தில் இதுவரை எவரும் பட்டம் பெறாத மாணவருக்கான முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் மட்டுமே கிடைக்கும். நிர்வாக இடத்தில், அதாவது கல்லூரியே நேரடியாக நிரப்பும் இடத்தில், சேர்ந்தவருக்கு இல்லை. 7.5 சதவீத ஒதுக்கீட்டின் முழுக் கட்டண விலக்கும் அவ்வாறே. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் மாநிலக் கலந்தாய்வுக்குள் வருவதில்லை என்பதால் அங்கும் இந்தச் சலுகைகளை எதிர்பார்க்க முடியாது. வீட்டுக்கு வந்தவர் சொல்லும் சலுகை முதலாண்டுக்கு மட்டுமா, நான்காண்டுக்குமா என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

முதல் பட்டதாரிச் சான்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். அண்ணனோ அக்காவோ பட்டம் பெற்றிருந்தால் இது கிடைக்காது.

எல்லைக்கு அப்பால் கேரளத்தின் பாறசாலையில் பிளஸ் டூ படித்த, குமரி மாவட்ட விளவங்கோடு வட்டத்தைச் சேர்ந்த மாணவர் தமிழ்நாட்டில் சேர முடியுமா?

முடியும். ஆனால் ஒவ்வொரு வழிக்கும் விதி வேறு. எல்லைப்புற வீடுகள் தடுமாறுவதும் இங்கேதான்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு, எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களிடம் இருப்பிடச் சான்று கேட்பதில்லை. இடையில் ஓராண்டேனும் கேரளத்தில் படித்திருந்தால், வருவாய்த் துறை வழங்கும் தமிழ்நாட்டு இருப்பிடச் சான்றை இணைக்க வேண்டும். மருத்துவச் சேர்க்கையில் இந்தக் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே தொடங்குகிறது. பெற்றோரின் ஆவணங்களையும் கேட்பார்கள்.

என்.ஐ.டி. எனப்படும் தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் நிலைமை நேர்மாறானது. அவற்றில் பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்தவருக்கு உரியவை. ஆனால் எந்த மாநிலத்தவர் என்பதை அங்கே தீர்மானிப்பது, பன்னிரண்டாம் வகுப்பை எங்கே எழுதித் தேர்ச்சி பெற்றார் என்பதே. களியக்காவிளையில் வீடு இருந்து பாறசாலைப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவருக்குத் திருச்சி என்.ஐ.டி. வெளிமாநிலக் கல்லூரி, கோழிக்கோடு என்.ஐ.டி.தான் சொந்த மாநிலக் கல்லூரி. ரேஷன் அட்டையும் வாக்காளர் அடையாள அட்டையும் இதை மாற்றாது.

திருவனந்தபுரம் மார்த்தாண்டத்திலிருந்து பக்கம்தானே. கேரளத்தில் சேர்ந்தால் என்ன?

தூரத்தை மட்டும் பார்த்தால், மார்த்தாண்டத்திலிருந்து திருநெல்வேலிக்குப் போவதைவிடத் திருவனந்தபுரத்துக்குப் போவது எளிது. ஆனால் கேரளத்தில் பொறியியலுக்குத் தனி நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அரசு இடங்களில் இட ஒதுக்கீடும் கட்டணச் சலுகையும் கேரளத்தவருக்கே. தமிழ்நாட்டு வட்டாட்சியர் தந்த சாதிச் சான்று அங்கே இட ஒதுக்கீட்டுக்கு உதவாது. 1956 நவம்பர் 1-க்கு முன் குமரியும் திருவனந்தபுரமும் ஒரே மாநிலத்தில் இருந்தன என்பதைச் சேர்க்கை அலுவலகம் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அங்கே 2024 முதல் கலை, அறிவியல் கல்லூரிகளில் நான்காண்டுப் பட்டப்படிப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. விரும்புகிறவர் மூன்றாண்டு முடிவில் பட்டத்துடன் வெளியேறலாம்.

திருவனந்தபுரத்தில் மாநில வேறுபாடு பார்க்காத மத்திய நிறுவனங்கள் இரண்டு இருக்கின்றன. வலியமலையில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வின் வழியாகவும், விதுரையில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அந்நிறுவனங்களின் தனித் திறனறித் தேர்வின் வழியாகவும் சேர வேண்டும். அறிவியலில் உண்மையான ஆர்வமுள்ள பிள்ளைக்கு, சென்னைக்கு அனுப்புவதைப் பற்றி யோசிப்பதற்கு முன் நான் இவ்விரண்டையும்தான் சொல்வேன்.

நீட் எழுதாமல் மருத்துவம் சார்ந்த படிப்பு எதில் சேரலாம்?

எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம், ஓமியோபதி ஆகிய அனைத்துக்கும் நீட் தேவை. கோட்டாறு ஆயுர்வேதக் கல்லூரிக்கும் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்கும் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்று இன்னமும் நம்பிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு, போதாது.

பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம்., ஆய்வக நுட்பம் போன்றவற்றுக்கு மாநில அரசு பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் கலந்தாய்வு நடத்துகிறது. கால்நடை மருத்துவத்திலும், மாநில இடங்களுக்கு நீட் தேவையில்லை என்பது பலருக்குத் தெரியாது: உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று கூட்டிய மதிப்பெண்ணே தரவரிசையைத் தீர்மானிக்கிறது. அகில இந்திய ஒதுக்கீட்டுக்கான 15 சதவீத இடங்களுக்குத்தான் நீட்.

நர்சிங் பற்றித் தனியாக ஒரு சொல். வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் செவிலியராகப் போகும் ஆசை இந்த மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அந்த ஆசையை நம்பிப் பிழைக்கிற பயிற்சி மையங்களும் இருக்கின்றன. ஓராண்டு, ஈராண்டு 'நர்சிங் சான்றிதழ்' வைத்திருப்பவர் மாநிலச் செவிலியர் குழுமத்தில் முழுச் செவிலியராகப் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாமல் வெளிநாட்டில் செவிலியர் வேலை கிடைக்காது. நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங், அல்லது மூன்றாண்டுப் பொதுச் செவிலியர் பட்டயம் என்ற இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும். கல்லூரி தமிழ்நாடு செவிலியர் குழுமத்தின் பட்டியலில் உள்ளதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டும்.

கடற்கரை ஊர்ப் பையன்கள் கப்பல் வேலைக்குப் படிக்க என்ன வழி?

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வே முறையான வழி. கடல்சார் பொறியியலுக்கும் கப்பல் ஓட்டும் அதிகாரியாவதற்கான நாட்டிக்கல் சயின்ஸ் பட்டத்துக்கும் இயற்பியல், வேதியியல், கணிதத்தில் சராசரியாக 60 சதவீதமும் ஆங்கிலத்தில் 50 சதவீதமும் வேண்டும். கண்பார்வை, நிறம் பிரித்தறியும் திறன் ஆகியவற்றுக்கான மருத்துவத் தகுதி கட்டாயம் என்பதால், விண்ணப்பிக்கும் முன்பே கண் மருத்துவரைப் பார்த்துவிடுவது செலவை மிச்சப்படுத்தும். பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு மாலுமி நிலையிலான ஆறுமாத ஜி.பி. ரேட்டிங் பயிற்சி உண்டு. எதுவானாலும், கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் அங்கீகரித்த நிறுவனமா என்று பார்க்காமல் முகவரிடம் பணம் தரக் கூடாது.

கரையிலேயே இருந்து மீன்வளத் துறையில் வேலை பார்க்க விரும்புகிறவர்களுக்கு, 1977-இல் தொடங்கிய தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியின் நான்காண்டுப் பட்டம் இருக்கிறது. அங்கே நுழைவுத் தேர்வு இல்லை; மீனவர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு.

சாதிச் சான்றில் இந்த மாவட்டத்துக்கென்று கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

நிறைய உண்டு. மாநிலச் சாதிப் பட்டியலில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் 'கன்னியாகுமரி மாவட்டம், செங்கோட்டை வட்டம்' என்ற குறிப்பு இருக்கும். பழைய திருவிதாங்கூர்ப் பகுதிகள் என்பதால் வந்த வேறுபாடு அது. ஒரே பெயருள்ள சாதி இங்கே ஒரு பிரிவிலும், பிற மாவட்டங்களில் வேறு பிரிவிலும் வரக்கூடும். வெளிமாவட்ட இணைய மையத்தில் விண்ணப்பம் நிரப்புகிறவர் இதை அறியாமல் தவறான குறியீட்டைப் போட்டுவிட்டால், சான்றிதழ் சரிபார்ப்பில் சிக்கல் வரும்.

தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பத்தினர் இட ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஆனால் ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகையில் மதம் மாறியவர்களுக்கும் இடம் உண்டு. ஒன்று இல்லையென்பதால் மற்றதையும் விட்டுவிடக் கூடாது.

பேச்சிப்பாறை மலையிலும் அதைச் சுற்றியும் வாழும் காணிக்காரர் பிள்ளைகளுக்கான பழங்குடியினர் சான்றை வட்டாட்சியர் வழங்க முடியாது. கோட்ட அளவிலான அதிகாரியே வழங்க வேண்டும். விசாரணைக்குக் காலம் பிடிக்கும் என்பதால் பிளஸ் டூ படிக்கும்போதே விண்ணப்பித்துவிட வேண்டும்.

பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. படித்தால் பிறகு பட்டம் பெற முடியாதா?

முடியும். மூன்றாண்டுப் பட்டயம் முடித்தவர் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பத்தாம் வகுப்புக்குப் பின் ஈராண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகம் ஐ.டி.ஐ., பட்டயம் முடித்தவர்களைத் தொழிற்பழகுநர் பயிற்சிக்கு எடுப்பதுண்டு. காவல்கிணறு தாண்டினால் வந்துவிடும் இடத்தில் இருக்கும் இந்த வாய்ப்புக்கு நம் பிள்ளைகள் இன்னும் அதிகமாக விண்ணப்பிக்கலாம்.

சட்டப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு உண்டா?

திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி உள்ளிட்ட மாநில அரசுக் கல்லூரிகளுக்கு இல்லை. மதிப்பெண் அடிப்படையில்தான் சேர்க்கை. திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் கிளாட் என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

ஒரு கல்லூரியில் சேர்ந்த பிறகு வேறு இடத்தில் இடம் கிடைத்தது. அசல் சான்றிதழ்களைத் தர மறுக்கிறார்கள். என்ன செய்வது?

மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் நிறுத்தி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். விலகும் தேதியைப் பொறுத்துக் கட்டணத்தை எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதற்கும் அதே குழு வரையறை வகுத்திருக்கிறது. வாய்ப்பேச்சாகக் கேட்டுக்கொண்டிருக்காமல், விலகல் கடிதத்தைத் தேதியுடன் எழுதிக் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பலாம். பிறகு பல்கலைக்கழகத்திடமும் மானியக் குழுவிடமும் முறையிடுவதற்கு அந்தத் தேதிதான் ஆதாரம்.

ஒரு பாடத்தில் தவறிவிட்டான். ஓராண்டு வீணாகிவிடுமா?

வீணாகாது. தவறியவர்களுக்கான துணைத் தேர்வு அதே கோடையில் நடக்கிறது. அதில் தேர்ச்சி பெற்றவர்களுக்காகப் பொறியியல் துணைக் கலந்தாய்வும் நடத்தப்படுகிறது. கலைக் கல்லூரிகளிலும் நிரம்பாத இடங்களுக்கு அந்த நேரத்தில் சேர்க்கை இருக்கும். துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் அவகாசம் சில நாட்களே என்பதால், முடிவு வந்த அன்றோ மறுநாளோ படித்த பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பார்த்து விண்ணப்பித்துவிட வேண்டும். ஐயம் இருந்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணில் கேட்கலாம்.